வாங்கிய விவரத்துக்கு அரசே பொறுப்பு

கலைஞர் மகளிர் உரிமைத்தொகை கேட்டு 2023-ல் ஏறத்தாழ 1.63 கோடிப் பெண்கள் விண்ணப்பித்தார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டுகிறதா, நன்செய் நிலம் ஐந்து ஏக்கருக்கு மேல் இருக்கிறதா, வீட்டில் கார் உண்டா, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறதா என்றெல்லாம் அரசு பார்த்தது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் என அத்தனையும் வாங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் தேவைப்படும் பெண்ணால் இவற்றில் எதையும் தர மறுக்க முடியாது. தகுதியானவரைக் கண்டறிய அரசு விவரம் கேட்பதில் தவறும் இல்லை. ஆனால், வாங்கிய விவரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கலாம், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களின் விவரம் எப்போது அழிக்கப்படும் என்பதெல்லாம் கொடுத்தவருக்குத் தெரிய வேண்டும். இன்று தெரியாது. இந்த ஒரு திட்டத்தில் மட்டுமல்ல, மத்திய அரசும் மாநில அரசுகளும் நடத்தும் எந்தத் திட்டத்திலும் தெரியாது.

ஒரு வங்கி நம் விவரங்களைக் கவனமின்றிக் கையாண்டால் கணக்கை முடித்துக்கொண்டு வேறு வங்கிக்குப் போய்விடலாம். ரேஷன் கடையையோ கிராம நிர்வாக அலுவலகத்தையோ பத்திரப்பதிவு அலுவலகத்தையோ அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. கொடுக்க மறுக்க முடியாத விவரத்தை வாங்குகிறவருக்குக் கடமை கூடுதலாக இருக்க வேண்டும். நம் நாட்டின் சட்டமும் நிர்வாகப் பழக்கமும் இதற்கு நேர் எதிராக அமைந்திருக்கின்றன. தனியார் நிறுவனத்துக்குக் கடுமை, அரசுக்குச் சலுகை என்ற இந்த ஏற்பாடு மாற வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

அரசுத் தளங்களிலிருந்து விவரம் கசிவது புதிதல்ல. 2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை இணையதளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் யாரும் பார்க்கும்படி கிடந்தன. யாரும் திருடவில்லை, அரசே வெளியிட்டிருந்தது. அதே ஆண்டு, ஏறத்தாழ 210 மத்திய, மாநில அரசு இணையதளங்கள் பயனாளிகளின் விவரங்களை ஆதார் எண்ணோடு வெளியிட்டிருந்ததாக ஆதார் ஆணையமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒப்புக்கொண்டது. 2021-ல் தமிழகப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்திருப்பதாக பெங்களூரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று தெரிவித்தது. 2024 மே மாதம் தமிழகக் காவல் துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியார் நுழைந்தனர். குற்றம் செய்தவரைத் தேட முகங்களைச் சேர்த்துவைத்திருந்த துறையாலேயே தன் கணக்கு ஒன்றின் கடவுச்சொல்லைக் காக்க முடியாமல் போனது.

விவரம் வெளியானால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பத்திரப்பதிவு ஆவணங்களின் கதையைச் சொல்ல வேண்டும். நிலம் விற்றால் கிரயப் பத்திரத்தில் பெயர், முகவரி, ஆதார் எண்ணோடு இடது பெருவிரல் ரேகையும் பதியப்படுகிறது. இந்தப் பத்திரங்களைப் பல மாநிலங்கள் வருடி இணையத்தில் ஏற்றின. 2018-ல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்பவர் ஒருவர், பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்து பத்திரங்களைப் பதிவிறக்கி, அவற்றில் இருந்த ரேகைகளை ரப்பரில் வார்த்து, ஊர்பேர் தெரியாதவர்களின் பெயரில் சிம் கார்டுகளை இயக்கியது வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இதே தந்திரம் வங்கிக் கணக்குகளைத் தேடிப் போனது. ஆதார்வழிப் பணப்பரிவர்த்தனையில் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் விரல்ரேகையும் போதும். ஓடிபி கிடையாது, பின் எண்ணும் கிடையாது. ஆந்திரப் பதிவுத் துறைத் தளத்திலிருந்து ரேகைகளை எடுத்துக் கணக்குகளைச் சுரண்டிய கும்பலை 2022-ல் சைபராபாத் போலீசார் பிடித்தார்கள். 2023-ல் மேற்கு வங்கத்தில் பலர் இதே வகையில் பணத்தை இழந்தார்கள்.

பாதிக்கப்படுகிறவர்கள் யார் என்று பாருங்கள். ஆதார்வழிப் பணம் எடுக்கும் வசதியைப் பெரும்பாலும் நம்பியிருப்பவர்கள் ஊரக வேலைத் திட்டக் கூலி வாங்குகிறவர்களும் முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவர்களும்தான். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தாலும் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்க வேண்டும். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியை ஆதார் ஆணையம் தந்திருக்கிறது, உண்மைதான். ஆனால், பூட்டிய ரேகையை ரேஷன் கடைக் கருவியும் ஏற்காது. மாதம் ஒருமுறை செயலியில் திறந்து மூடும் வேலையை ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, பாதுகாப்பு தந்துவிட்டோம் என்று அரசு சொல்லக் கூடாது. கடவுச்சொல் போனால் மாற்றலாம். பெருவிரல் ரேகை போனால் அந்த மனிதர் சாகும்வரை அது போனதுதான்.

இவ்வளவு நடந்தும், கசிவு தெரியவந்ததும் அரசு அமைப்புகள் முதலில் செய்வது மறுப்பு. 2018 ஜனவரியில், 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரத் தொகுப்பைப் பார்க்க வழி கிடைக்கிறது என்று சண்டிகரிலிருந்து வரும் ட்ரிப்யூன் நாளிதழ் எழுதியது. ஆதார் ஆணையம் காவல் துறைக்குப் போனது. முதல் தகவல் அறிக்கையில் அந்தச் செய்தியை எழுதிய நிருபரின் பெயரும் இருந்தது. 2023 ஜூனில், கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் கரோனா தடுப்பூசிக்கான கோவின் தளத்தில் பதிவான பிறந்த ஆண்டு, அடையாள அட்டை எண், தடுப்பூசி போட்ட இடம் ஆகியவற்றைத் திருப்பித்தரும் டெலிகிராம் பாட் ஒன்று வெளிப்பட்டது. செய்தி ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்றது சுகாதார அமைச்சகம். சில நாட்களில் பீகாரைச் சேர்ந்த ஒருவர் அதே விவகாரத்தில் கைதானார். யார் யாருடைய விவரம் வெளியே போனது என்று அந்தந்தக் குடிமக்களுக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. தடுப்பூசிச் சான்றிதழை நொடியில் அனுப்பத் தெரிந்த தளம் அது.

இன்னொரு நாட்டில் நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2007-ல் பிரிட்டன் வருவாய்த் துறையின் அலுவலகம் ஒன்று, குழந்தைநல உதவித்தொகை பெறும் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேரின் விவரங்கள் அடங்கிய இரண்டு குறுந்தகடுகளைத் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பியது. வழியில் அவை தொலைந்தன. நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நவம்பர் 20-ம் தேதி நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அதைச் சொன்னார். துறைத் தலைவர் பதவி விலகினார். பாதிக்கப்பட்ட சுமார் 72 லட்சம் குடும்பங்களுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போனது. அந்தத் தகடுகள் யாராலும் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக அப்போது சான்று எதுவும் இல்லை. தொலைந்துபோனதே சொல்லப்பட வேண்டிய செய்தி என்று அங்கே கருதினார்கள். பிரிட்டன் எல்லா நேரத்திலும் இப்படி நடந்துகொண்டது என்று சொல்லிவிட முடியாது. தன் படைகளுக்கு உதவிய ஆப்கானியர்களின் பட்டியல் 2022-ல் கசிந்ததை நீதிமன்ற உத்தரவு பெற்று 2025 வரை அது மறைத்தது. ஆனாலும் 2007-ல் ஓர் அரசு நடந்துகொண்ட விதம், எது சாத்தியம் என்பதைக் காட்டுகிறது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. கேள்விக்கு உள்ளாகியிருந்தது அரசின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதுதான். அந்தத் தீர்ப்பிலிருந்து பிறந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியபோது, அரசின் கைக்குத்தான் அதிக இடம் கிடைத்தது. பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலான காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்க 17-வது பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. தேவை முடிந்ததும் விவரத்தை அழிக்க வேண்டும் என்ற கடமை தனியாருக்கு உண்டு, அரசுக்கு இல்லை. மீறல்களை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசுதான், அதுவும் இரண்டிரண்டு ஆண்டுப் பதவிக்காலத்துக்கு. தன் மறுநியமனம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்மீது தீர்ப்புச் சொல்லும் நிலையில் அவர்களை வைத்திருக்கிறோம்.

அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம். பணம் போய்ச் சேரும் இடம் இந்தியத் தொகுப்பு நிதி. விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு இச்சட்டத்தில் ஒரு ரூபாய் இழப்பீடு கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இழப்பீடு கேட்க வழி வைத்திருந்தது. அதுவும் நிறுவனங்களுக்கு எதிராக மட்டுமே. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அந்த வழியும் அடைபடுகிறது. அரசுத் துறை கவனக்குறைவாக இருந்தால் அபராதத்தை அரசு அரசுக்கே கட்டும். வரி செலுத்துகிறவரின் பணம் கணக்கு மாறுவதால் எந்த அதிகாரியும் திருந்தப்போவதில்லை.

இதைவிட நம்மை வருத்துவது சட்டம் நடைமுறைக்கு வந்த வரிசை. விதிகள் 2025 நவம்பர் 14-ல் அரசிதழில் வந்தன. குடிமக்களுக்குப் பாதுகாப்புத் தரும் பிரிவுகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் உயிர்பெறும். கசிவை வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் அதுவரை காத்திருக்கும். ஆனால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பிரிவோ அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்பு, தனிநபர் விவரம் என்றாலும் பொதுநலன் பெரிதாக இருந்தால் தகவல் அலுவலர் தர வேண்டும் என்று 8(1)(ஜே) பிரிவே சொன்னது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இரண்டும் நீக்கப்பட்டன. 8(2) பிரிவில் பொதுநலன் இன்னும் இருக்கிறது என்கிறது மத்திய அரசு. அது அந்த அலுவலகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஏற்பாடு. நூறு நாள் வேலையில் போலிப் பெயர்களைக் கண்டுபிடித்ததும் ரேஷன் கடையில் இல்லாத அட்டைக்கு அரிசி போனதைக் கண்டுபிடித்ததும் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்து ஊர்மக்கள் நடத்திய சமூகத் தணிக்கைகள். ‘தனிநபர் விவரம்’ என்று அந்தக் கதவை மூடினால் காக்கப்படுவது ஏழையின் அந்தரங்கமாக இருக்காது, தவறு செய்த அலுவலரின் பெயராகத்தான் இருக்கும்.

அரசின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வெள்ளத்தில் சிக்கியவருக்கு நிவாரணம் தரும்போது சம்மதக் கடிதம் கேட்டு நிற்க முடியாது. ஓய்வூதியத்துக்கும் உதவித்தொகைக்கும் ஒவ்வொரு முறையும் புதிய ஒப்புதல் கேட்பதும் மக்களைத்தான் அலைக்கழிக்கும். அந்த அளவில் அரசுக்குத் தரப்பட்ட விலக்கு சரியே. சம்மதம் கேட்கத் தேவையில்லை என்பதை, பாதுகாக்கவும் கணக்குச் சொல்லவும் தேவையில்லை என்று நீட்டியதுதான் பிழை. ஆள் பற்றாக்குறை, பழைய கணினிகள் என்ற காரணங்களும் ஓரளவுக்குத்தான் நிற்கும். விவரத்தைச் சேர்க்க ஆளும் கருவியும் கிடைக்கின்றன.

சட்டத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். அரசு அமைப்புகளுக்கான விலக்கு, நீதித்துறையின் பார்வைக்கு உட்பட்டுக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அளிக்கப்பட வேண்டும். கசிவால் இழந்தவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும், அது அரசுத் துறையிடமிருந்தும் கிடைக்க வேண்டும். வாரியத்தின் நியமனத்தை மத்திய அரசின் கையிலிருந்து எடுத்து, எதிர்க்கட்சியும் நீதித்துறையும் இடம்பெறும் குழுவிடம் தர வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீக்கிய வரிகள் திரும்ப வேண்டும்.

தமிழக அரசு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அரசாணையில் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. எந்தத் துறை எந்த விவரத்தை எதற்காக வைத்திருக்கிறது, எந்தத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறது என்ற பட்டியல் தமிழில் வெளிவரட்டும். பத்திர நகல்களில் விரல்ரேகையையும் ஆதார் எண்ணையும் மறைத்துத் தரட்டும். நிராகரித்த விண்ணப்பங்களின் விவரம் மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழியட்டும். எல்லாவற்றுக்கும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கும் வழக்கம் அரசு அலுவலகங்களில் முதலில் ஒழியட்டும். நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே 27-ல் எச்சரித்தது. இரண்டே நாளில் அந்த எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. அதில் சொன்னது சரியான யோசனை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரே போதும் என்று மாநில அரசு தன் அலுவலகங்களுக்கு உத்தரவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விவரம் கசிந்தால் மூன்று நாட்களுக்குள் சம்பந்தப்பட்டவரின் கைப்பேசிக்குத் தமிழில் தகவல் வர வேண்டும், என்ன போனது, அவர் என்ன செய்ய வேண்டும் என்பதோடு. கைப்பேசி இல்லாதவருக்கு ரேஷன் கடை வழியே சொல்ல வேண்டும். இதற்கான உத்தரவை அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடருக்குள் முதல்வர் பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.