கண்ணாடியைக் கழற்றி எறியலாமா?



போன இதழில் குழந்தைக்கு ஊட்டும் கஞ்சி வகைகளைப் பற்றி எழுதினேன். தொடர்ந்து வேறொரு கஞ்சி எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஆறேழு மாதமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு வேறு. என் தம்பி மகள் கண்ணுக்கு லேசர் செய்து கொள்ள வேண்டும் என்கிறாள். செய்யலாமா, கூடாதா? உங்களில் கண்ணாடி போட்டவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். அதனால் எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

காணும் பொங்கலன்று எங்கள் செஞ்சியில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கோட்டைக்குக் கிளம்பிவிடுவோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்ததிலிருந்து வெளியூர்க்காரர்களும் நிறைய வருகிறார்கள். இந்தத் தடவை நாங்கள் ராஜகிரி ஏறினோம். கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பதினொரு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவளின் மூக்குக் கண்ணாடியைக் குரங்கு ஒன்று லபக்கென்று பறித்துக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது. வாழைப்பழம் காட்டினோம், கெஞ்சினோம். அது ஒரு கண்ணாடியைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பள்ளத்தில் போட்டது.

சிரிப்பாகத்தான் இருந்தது, இறங்கத் தொடங்கும் வரைக்கும். அவளுக்குப் பவர் மைனஸ் ஆறே முக்கால். கண்ணாடி இல்லாவிட்டால் தன் கை விரலைத் தாண்டி எல்லாமே புகைதான். படி எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரு காலைக் காற்றில் வைத்துவிட்டாள். பின்னால் வந்த மாப்பிள்ளை தோளைப் பிடித்தாரோ, பிழைத்தோமோ! குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அவள் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள்.

அன்று ராத்திரி அடுப்படியில் வந்து நின்றாள். "அத்தே, இனிமே இந்தக் கண்ணாடி எனக்கு வேணாம். எம்புள்ளைய தூக்கிக்கினு நடக்க முடியலன்னா அப்புறம் எனக்கு என்னாத்துக்குக் கண்ணு?" என்றாள். அவள் மாமியார், "கண்ணாடியோடதான வந்து பொண்ணு பார்த்தோம், இப்ப யாரு கேக்குறா?" என்றார். மாப்பிள்ளையோ செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். பத்தே நிமிடத்தில் கண்ணாடிக்கு விடை, மறுநாளே வேலைக்குப் போகலாம் என்று அதில் போட்டிருந்தது. புடவைத் தள்ளுபடி விளம்பரம் மாதிரியே இருந்தது எனக்கு. நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட பிறகுதான் வாயைத் திறப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் இந்த லேசர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் கண்ணின் முன்புறம் கைக்கடிகாரத்துக்குக் கண்ணாடி மூடியிருப்பது போல ஒரு தெளிவான படலம் இருக்கிறது. அதைக் கருவிழிப் படலம் என்கிறோம். உள்ளே வரும் ஒளியை வளைத்து விழித்திரையில் விழச் செய்வதில் பெரும்பங்கு அதற்குத்தான். கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கண் கொஞ்சம் நீண்டிருக்கும். அல்லது படலத்தின் வளைவு அதிகமாக இருக்கும். ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கண்ணாடி அந்தக் கணக்கை வெளியிலிருந்து சரி செய்கிறது. லேசரோ படலத்தின் நடுவில் சிறிது சீவித் தட்டையாக்கிச் சரி செய்கிறது. 'லேசிக்' முறையில் மேல்தோலை இட்லித் தட்டு மூடி போல ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி திறந்து, அடியில் லேசர் பாய்ச்சி, மறுபடி மூடிவிடுவார்கள். தையல் கிடையாது. சொட்டு மருந்தில் கண் மரத்துவிடும். லேசர் பாயும் நேரம் ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட இராது. லேசாக மயிர் பொசுங்குகிற வாடை வருமாம், செய்துகொண்டவர்கள் சொல்கிறார்கள்.

இந்த லேசரில் நம்மவர் ஒருவருக்குப் பங்கு இருப்பது உங்களுக்குத் தெரியுமோ? 1929-ல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா போன விஞ்ஞானி ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1981-ல் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது, நன்றித் திருநாள் விருந்தில் மீந்த வான்கோழியைக் கொண்டுபோய் 'எக்ஸைமர்' என்ற புற ஊதா லேசரை அதன்மேல் பாய்ச்சினார். சுற்றியுள்ள சதை கருகாமல் கத்தியைவிடச் சுத்தமாக வெட்டியது. அவரும் வின், பிளம் என்ற கூட்டாளிகளும் கண்டறிந்ததைப் பிறகு ட்ரோகல் என்ற கண் டாக்டர் கண்ணுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க நாட்டின் தொழில்நுட்பப் பதக்கம் இம்மூவருக்கும் 2013-ல் வழங்கப்பட்டது. மீந்த சாப்பாட்டை வீணாக்காதீர்கள் என்று நாம் சொல்வது சும்மாவா!

சரி, கதைக்கு வருகிறேன். பிப்ரவரியில் அவளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி பஸ் ஏறினோம். அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் அரை நாளுக்கு மேல் பரிசோதனை. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அதற்குப் பின் சில மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் கூசும். ஆகவே தனியாகப் போகாதீர்கள், ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். குழந்தைக்குப் பாட்டில், துணி எல்லாம் எடுத்துப் போங்கள். காத்திருக்க வேண்டி வரும்.

எங்களைப் பார்த்த டாக்டரம்மா நல்ல பொறுமைசாலி. கருவிழிப் படலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் வண்ணப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

படலத்தின் கனம் சாதாரணமாக 540 மைக்ரான் அளவில் இருக்கும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அதாவது அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் மொத்தக் கனமே. எங்கள் பெண்ணுக்கு 500. மேலே மூடி திறக்க ஒரு 110 போயிற்று. ஒவ்வொரு பவருக்கும் சுமார் 15 மைக்ரான் சீவ வேண்டும். ஆறே முக்காலுக்கு நூறு. மீதி 290. அடியில் குறைந்தது 250 ஆவது நிற்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 300 இருந்தால்தான் மனசு நிம்மதி என்கிற டாக்டர்களும் உண்டு. ரொம்பச் சீவிவிட்டால் படலம் வலுவிழந்து, உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்காமல் முன்னால் பிதுங்கிவிடலாம். அப்புறம் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. "முந்நூறுக்குக் கீழ போக எனக்கு மனசில்லம்மா" என்றார் அந்த டாக்டரம்மா.

தேய்ந்த தோசைக்கல்லை மேலும் மேலும் தேய்ப்பது மாதிரிதான். கல் கனமாக இருந்தால் தேய்க்கலாம்.

சிலருக்குப் பிறவியிலேயோ, கண்ணை அடிக்கடி கசக்குவதாலோ படலம் தானாகவே கூம்பு மாதிரி பிதுங்கும் நோய் தொடங்கியிருக்கும். 'கெரட்டோகோனஸ்' என்று பெயர். வெளியே தெரியாது, அந்த வண்ணப் படத்தில்தான் தெரியும். அப்படிப்பட்ட கண்ணில் லேசிக் செய்வது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும். ஆகவே படம் எடுக்காமல், கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்காமல், "நாளைக்கே வாங்க, பண்ணிடலாம்" என்று சொல்கிற இடத்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அடுத்து டாக்டரம்மா கேட்ட கேள்விதான் நான் எதிர்பாராதது. "குழந்தை பால் குடிக்குதா?" குடிக்கிறது என்றோம். "அப்ப இப்ப பேச்சே வேணாம்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இளம் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கர்ப்ப காலத்திலும், பால் கொடுக்கும் காலத்திலும் உடம்பில் ஹார்மோன் மாறுவதால் கண்ணின் பவரும், கண்ணீர் சுரப்பதும் மாறக்கூடும். அப்போது அளந்து சீவினால், பிற்பாடு உடம்பு பழைய நிலைக்கு வரும்போது அளவு தப்பிவிடும். அறுவைக்குப் பின் விடும் மருந்துகளும் பாலூட்டும் நாளில் யோசித்துத்தான் விட வேண்டும். பால் மறக்கடித்து இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்பார்கள். இன்னொரு குழந்தைக்குத் திட்டமிருந்தால் அதையும் டாக்டரிடம் கூசாமல் சொல்லுங்கள். எங்கள் பெண்ணின் பழைய சீட்டை எடுத்துப் பார்த்ததில், கல்யாணத்தின்போது ஆறே கால் இருந்த பவர் இப்போது அரை கூடியிருந்தது. ஒரு வருஷமாவது பவர் அசையாமல் நிற்க வேண்டும் என்பது பொது விதி. வயது பதினெட்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் ரேஷன் கார்டோடு வைத்திருங்கள், சகோதரிகளே.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் வாயே திறக்கவில்லை. திண்டிவனம் தாண்டியதும், "எல்லாருக்கும் ஆவுது, எனக்கு மட்டும் ஆவாதா அத்தே?" என்றாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஆகாது என்று யாரும் சொல்லவில்லையே! மூடி திறக்காமல் மேற்பரப்பிலேயே லேசர் பாய்ச்சும் 'பி.ஆர்.கே.' முறை இருக்கிறது. அந்த 110 மிச்சம். ஆனால் நாலைந்து நாள் எரிச்சலும் வலியும் அதிகம், பார்வை தெளியவும் நாளாகும். சின்னக் கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுக்கும் 'ஸ்மைல்' முறை ஒன்று. படலம் மிக மெலிந்தவர்களுக்கு, பவர் மிக அதிகம் உள்ளவர்களுக்கு, படலத்தைச் சீவாமலே கண்ணுக்குள் ஒரு லென்ஸை வைக்கும் முறையும் உண்டு. எது யாருக்கு என்பதை அளவெடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். செலவும் முறைக்கு முறை, ஊருக்கு ஊர் மாறும். பரிசோதனைக்கு எவ்வளவு, பிந்திய மருந்துக்கு எவ்வளவு, பவர் மிச்சமிருந்து திரும்பச் செய்ய நேர்ந்தால் அதற்குத் தனியா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு டாக்டர் சொன்னது போதாது என்று தோன்றினால் இன்னொருவரைக் கேட்பதில் தவறே இல்லை. நம் மாநிலத்தில் அதற்குப் பஞ்சமா? எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் 2003-ல் புதுச்சேரிக்கும் வந்துவிட்டது. சென்னையில் சங்கர நேத்ராலயா 1978-லிருந்து.

கல்யாணத்துக்காக லேசர் செய்யலாமா என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதும் தாய்மார்கள் உண்டு. எனக்கு இதில் கோபமே வரும். சோடாபுட்டி என்று கேலி பேசுகிற மாப்பிள்ளை வீட்டுக்காகப் பெண்ணின் கண்ணைச் சீவ வேண்டுமா? அந்தப் பெண்ணுக்கே ஆசை இருந்தால், கண்ணும் இடம் கொடுத்தால், செய்யட்டும். மறைக்க வேண்டாம். லேசர் செய்தாலும் உள்ளே கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும். அதிகப் பவர்க்காரர்களுக்கு விழித்திரை கிழியும் ஆபத்தும் போகாது. ஆகவே வருஷம் ஒருமுறை பரிசோதனை தொடர வேண்டும். பிறக்கும் குழந்தைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறையாது. எங்கள் வாண்டுக்கும் பள்ளியில் சேர்க்கும் முன் கண் பார்த்துவிடப் போகிறோம். அவன் செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு வெளியில் விளையாட விடுவது அதைவிட முக்கியம். வீட்டில் ரயில்வே, போலீஸ், ராணுவ வேலைக்கு முயற்சி செய்பவர்கள் இருந்தால் முன்கூட்டி விதியைப் பார்த்துக்கொள்ளட்டும். சில ரயில்வே பணிகளுக்கு லேசர் செய்த கண்ணை ஏற்பதில்லை.

நாற்பது வயதுச் சமாசாரம் ஒன்று பாக்கி. வெள்ளெழுத்து, சாளேசுரம் என்கிறோமே, அது லேசர் செய்தவர்களுக்கும் வரும். கிட்டப்பார்வைக்காரர்கள் அந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுகமாக ஊசியில் நூல் கோர்ப்பார்கள். லேசர் செய்தவர்களுக்கு அந்தச் சலுகை போய்விடும். படிக்கக் கண்ணாடி வாங்க வேண்டும். எங்கள் பெண்ணுக்கு இருபத்தாறு. "பதினஞ்சு வருஷமாவது நிம்மதியா இருப்பேன்ல அத்தே, போதும்" என்றாள். அதுவும் நியாயம்தான். அந்தப் பதினைந்து வருஷத்தில்தானே பிள்ளை வளர்ப்பும் இருக்கிறது!

செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் சந்தோஷமாகவே இருக்கிறார்கள். சிலருக்குச் சில மாதம் கண் வறட்சி. ராத்திரியில் வண்டி விளக்கைச் சுற்றி ஒளி வட்டம். சிலருக்கு அது நீடிப்பதும் உண்டு. முதல் இரண்டு வாரம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, மை இடக்கூடாது. தலைக்கு ஊற்றிக்கொள்வதும் டாக்டர் சொன்ன பிறகுதான். கைக்குழந்தை உள்ள வீட்டில், விரலால் கண்ணைக் குத்தாமல் பார்த்துக்கொள்ள ராத்திரி ஒருவர் பிள்ளையைத் தூக்கிப் படுக்க வேண்டும். விறகடுப்புப் புகை, நெல் தூற்றும் தூசி பக்கம் போகக்கூடாது. இதற்கெல்லாம் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள்.

இப்போதைக்கு எங்கள் பெண் மெல்லிய லென்ஸ் போட்ட புதுக் கண்ணாடி ஒன்றும், மாற்றுக்கு ஒன்றும் வாங்கியிருக்கிறாள். கழுத்தில் மாட்டும் கயிறு நான் பின்னிக் கொடுத்தது. பயல் இப்போது கண்ணாடியை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறான். ஆடியில் பால் மறக்கடித்தாயிற்று. கார்த்திகை தீபம் முடிந்ததும் மறுபடி புதுச்சேரி போகிறோம். இந்தத் தடவை அவள் மாமியாரும் வருகிறேன் என்கிறார். டாக்டரம்மாவிடம் அவருக்கும் ஏதோ கேட்க வேண்டுமாம்.