பதிவேட்டில் இல்லாத கட்டம்

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் (எம்.எல்.சி.) 2022-ஆம் ஆண்டுத் திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் இருக்கின்றன. உடலளவுக்குப் பொருந்தும் பி.பி.ஈ., இலவசக் குடிநீர், இணைய வசதி என்று நம் சூப்பரின்டென்டன்டுகள் செக்லிஸ்ட்டைத் திருத்தி முடித்திருப்பார்கள். பெண் கேடட்டிடம் எக்ஸ்எல் பாய்லர் சூட்டைக் கொடுத்துக் கையை மடித்துவிட்டுக்கொள்ளச் சொன்னால் இனி துறைமுக நாட்டுச் சோதனையில் (பி.எஸ்.சி.) மாட்டும். நல்லது.

எம்.எல்.சி.யின் ஏ4.3-இல் சேர்ந்த இன்னொரு கடமைதான் பெரியது. தன் கொடிக் கப்பலில் நேரும் ஒவ்வொரு சாவையும் கொடி நாடு விசாரித்துப் பதிந்து ஆண்டுதோறும் ஐ.எல்.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். அது உலகப் பதிவேடாக வெளிவரும். விபத்து விசாரணைக் கோட் 2010 முதலே இருக்கிறதே என்பீர்கள். அது கப்பல் இயக்கத்தோடு நேரடித் தொடர்புள்ள சாவை மட்டுமே பார்க்கும். பிஸ்டன் ஓவர்ஹால் முடித்து, அரைகுறைத் தூக்கத்தோடு மறுபடி எஞ்சின் ரூமில் இறங்கிய மோட்டார்மேன் சுருண்டு விழுந்தால் ‘மாரடைப்பு, இயற்கை மரணம்’ என்று எழுதி மூடிவிடலாம். ஓய்வு நேரப் பதிவை யார் கேட்கப்போகிறார்கள்?

அந்தச் சாவும் இனி கணக்கில் வரும். ஆனால் வழிகாட்டுதல் பி4.3.5 கேட்கும் விவரங்களைப் பாருங்கள்: சாவின் வகை, கப்பலின் வகை, ஜி.டி., கடலிலா துறைமுகத்திலா நங்கூரத்திலா, பாலினம், வயது, பணி. நாட்டுரிமை இல்லை. கம்பெனியின் பெயரும் இல்லை. ஆபத்தைத் தடுக்கும் கடமையைச் சுமப்பவர் ‘கப்பல் உரிமையாளர்’. அந்தப் பொறுப்பை ஏற்ற மேனேஜ்மென்ட் கம்பெனியும் அதில் அடக்கம். கடமையில் தவறியவர் பெயரே வராத பதிவேட்டுக்கு யார் பயப்படுவார்கள்?

தூத்துக்குடிக்காரர் லைபீரியக் கொடிக் கப்பலில் செத்தால் அவர் லைபீரியாவின் எண்ணிக்கை. வீட்டுக்கு வருவது ஆள் அனுப்பிய ஏஜென்சியின் போன், பிறகு பெட்டி, பிறகு கையெழுத்துக்கு ஒரு ‘முழுத் தீர்வு’ ரசீது. விசாரணை அறிக்கை கேட்டால், கொடி நாட்டைக் கேளுங்கள் என்பார்கள். (லைபீரியா, மார்ஷல் தீவுகள் இரண்டின் பதிவகமும் நடப்பது அமெரிக்காவின் வர்ஜீனியாவில். இறந்தவரின் தாய் எந்த விலாசத்துக்கு எழுதுவார்?) ஆள் அனுப்பும் நாட்டுக்கு எம்.எல்.சி.யின் விதி 5.3 தனிக் கடமை வைத்திருக்கிறது, 2015-இல் எம்.எல்.சி.யை ஏற்ற நம் அரசுக்கு இது தெரியாததல்ல. ஏஜென்சிகளின் ஆர்.பி.எஸ்.எல். உரிமத்துக்கு வங்கி உத்தரவாதம் கேட்கத் தெரிந்தவர்களுக்குச் சாவுக் கணக்கு கேட்க மட்டும் ஏன் இத்தனை கூச்சம்? மாலுமிகள் அனுப்பும் அந்நியச் செலாவணியை எண்ணும்போது இந்தக் கூச்சம் இருப்பதில்லையே.

2025-இன் வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் எழுதப்படும் விதிகளில், எந்தக் கொடியானாலும் இந்தியர் ஒவ்வொருவரின் சாவும் ஏஜென்சி பெயரோடு வெளியாக வேண்டும். அறிக்கையின் பிரதி வாரிசுக்குப் போய்ச் சேராமல் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது. அதுவரை மாஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: மரணம் குறித்த அறிக்கையோடு இறந்தவரின் கடைசி மாத ஓய்வு நேரப் பதிவையும் இணைத்து அனுப்புங்கள். கம்பெனியின் படிவம் அதைக் கேட்காவிட்டாலும்.