சாப்பாட்டுத் தட்டில் விழும் வெட்டு

"வருமானம் குறைஞ்சா செலவைக் குறைக்கத் தெரியணும். தெரியாதவங்கதான் கடன்ல மாட்டறாங்க." திருப்பூர் மாவட்டம் மூலனூர் வட்டாரத்தில் டீக்கடைப் பெஞ்சிலிருந்து மகளிர் குழுக் கூட்டம்வரை அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வார இதழ்களின் சேமிப்புக் குறிப்புகளும் யூடியூப் ஆலோசகர்களும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். ஆனால் வாரக்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு இந்த அறிவுரை பொருந்தாது. பொருந்தாததோடு, கேடும் செய்கிறது.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆர்டர் நின்றதும் பல கம்பெனிகள் முதலில் கைவைத்தது ஷிப்டில். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்களுக்கு ஒரு ஷிப்டாவது நிச்சயமில்லாமல் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 ஊரடங்கின்போதும், 2022-இல் நூல் விலை ஏறி மே மாதம் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தபோதும் அடி விழுந்தது இதே வீடுகளில்தான். இவற்றில் எதுவும் தொழிலாளி வீட்டு ஊதாரித்தனத்தால் வந்ததல்ல.

முருங்கை விவசாயி நிலையும் இதுவே. சீசனில் கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே போகும் காய், பனிக்காலத்தில் மரத்தில் காய்ப்பில்லாதபோது நூறைத் தாண்டும். எந்தச் சிக்கனம் இதைச் சரிக்கட்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்னலாடைக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஷிப்டுக்கு 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஆறு ஷிப்ட் நான்கானால், சனிக்கிழமைச் சம்பளத்தில் 900 ரூபாய் குறையும், மாதத்துக்கு 3,600. அறிவுரைப்படி தினம் இரண்டு டீயை நிறுத்துகிறார். டீ 12 ரூபாய் என்றால் மாதம் 720 மிச்சம். கேபிளைத் துண்டித்தால் இன்னொரு 200. போன் ரீசார்ஜை நிறுத்த முடியாது. நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்ற தகவலே போனில்தான் வருகிறது. ஆக, 2,680 ரூபாய் துண்டு அப்படியே நிற்கிறது.

அதை எங்கே பிடிப்பது? வாடகைக்கு வீட்டு ஓனர் வந்து நிற்பார். குழுக்கடன் தவணைக்கு வசூல்காரர் வருவார். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் என்பதால் குழுப் பெண்களே வாசலில் வந்து உட்காருவார்கள். கரண்டு பில் கட்டாவிட்டால் பியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். கேட்க ஆள் வராத ஒரே செலவு சாப்பாடு. அதனால்தான் வெட்டு அங்கே விழுகிறது. முதலில் முட்டை நிற்கும், அப்புறம் பால், அப்புறம் பருப்பு. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காரும் அம்மா ரசச்சோற்றோடு எழுந்துகொள்வார். பாட்டி பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்வார். இதற்குத்தான் கெட்டிக்காரக் குடித்தனம் என்று ஊரில் பெயர்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காரணங்கள் பல, தட்டில் சத்தான உணவு குறைவது அவற்றில் முக்கியமானது. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் ரத்தமில்லாமல் நடமாடும் மாநிலத்தில், சமையலறையில் இன்னும் மிச்சம் பிடிக்கச் சொல்வது கொடுமை.

வருமானம் குறையக் குறைய, செலவில் உணவின் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-லேயே காட்டிவிட்டார். ஏழை வீட்டில் வெட்டுவதற்கு ஆடம்பரம் அதிகம் இருப்பதில்லை என்பதே அதன் பொருள். ஏழைக்குத் திட்டமிடத் தெரியாது என்ற பேச்சுக்கும் பதில் தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகள் 464 பேரை ஆய்வாளர்கள் அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு: கையில் காசில்லாத நாள்களில் சிந்தனைத் திறன் தேர்வுகளில் தடுமாறிய அதே ஆள்கள், கரும்புப் பணம் வந்தபின் மேலாகச் செய்தார்கள். அறிவு அதே அறிவுதான். அதை அழுத்தியது பணமுடை.

டாஸ்மாக்கில் அழியும் காசை மறந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். மறக்கவில்லை. குடி பல வீடுகளைக் குலைத்திருக்கிறது. அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் சிக்கனப் பாடம் குடிக்கிறவருக்கு நடப்பதில்லை. மளிகைச் சீட்டு எழுதும் பெண்ணை உட்காரவைத்துத்தான் நடத்துகிறார்கள்.

நெருக்கடியில் வீட்டுச் செலவை உண்மையாகக் குறைத்தவை வேறு. அட்டைதாரர்களுக்கு விலையில்லா ரேஷன் அரிசி, 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, 25 ரூபாய்க்குப் பாமாயில். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவு. இவை தட்டில் கைவைக்காமல் செலவைக் குறைத்தன.

தொழில் தள்ளாடியபோது நிறுவனங்களுக்கு யாரும் சிக்கனம் போதிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் பருத்தி இறக்குமதி மீதான 11 சதவீத வரியை மத்திய அரசு அந்த ஆண்டு இறுதிவரை விலக்கிக்கொண்டது. நூற்பாலைகளுக்கு அது உதவி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் பருத்தி மூட்டையோடு வரும் மூலனூர் விவசாயிக்கோ விலை விழும் என்ற பயம். வரி மாறும்போது முதலாளிக்கு ஏற்பாடு உண்டென்றால் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் ஏன் இல்லை?

வேலை கொடுக்க முடியாத நாள்களுக்குப் பாதி ஊதியம் தர வேண்டும் என்ற விதி 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. அதற்கு நிறுவனத்தில் 50 பேராவது இருக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், ஓராண்டுத் தொடர் வேலை காட்ட வேண்டும். கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களில் பலரால் இதைக் காட்டவே முடியாது. அவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதும், ஷிப்ட் இல்லாத வாரங்களில் குழுக்கடன் தவணையை வட்டி ஏறாமல் தள்ளிவைப்பதும்தான் அரசும் கம்பெனிகளும் கடன் நிறுவனங்களும் உடனே செய்ய வேண்டியவை. மகளிர் குழுக் கூட்டங்களில் சேமிப்புக் குறிப்புக்குப் பதிலாக இந்த இரண்டு கோரிக்கைகளும் பேசப்பட வேண்டும்.