12 கிளப், 7 நாடு... அனெல்கா விசுவாசம் இல்லாதவரா? - ஊர் ஊராகச் சுற்றிய ஒரு ஸ்ட்ரைக்கரின் கணக்குப் புத்தகம்!

2025 செப்டம்பர் 1. இங்கிலாந்து கால்பந்தில் டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடும் கடைசி நாள். நியூகாசில் அணியின் ஸ்ட்ரைக்கர் அலெக்சாண்டர் ஐசக், 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூலுக்குக் கைமாறினார். பிரிட்டிஷ் கிளப் எதுவும் அதுவரை ஒரு வீரருக்காக அவ்வளவு பணம் கொடுத்ததில்லை.

ஆனா, அன்றைக்குப் பேசுபொருளானது பணம் மட்டும் இல்லை. அதற்கு முந்தைய சில வாரங்களாக ஐசக் டீமோடு சேர்ந்து பயிற்சி செய்யவில்லை. சீஸன் தொடங்கியும் நியூகாசிலுக்காகக் களமிறங்கவில்லை. 'கொடுத்த வாக்கை கிளப் காப்பாற்றவில்லை' என்று இன்ஸ்டாகிராமில் குமுறினார். 'நாங்க அப்படி எந்த வாக்கும் கொடுக்கலையே' என்றது கிளப். இத்தனைக்கும் அதே ஆண்டு மார்ச்சில், லீக் கப் ஃபைனலில், இதே லிவர்பூலுக்கு எதிராக கோல் அடித்தவர் அவர். நியூகாசில் 70 ஆண்டுகளாகக் காத்திருந்த உள்நாட்டுக் கோப்பை அது. மார்ச்சில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஊர், ஆகஸ்ட்டில் 'துரோகி' என்றது.

இந்தக் கதையை ஏற்கெனவே எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? 26 வருஷத்துக்கு முன்னால் வடக்கு லண்டனில் இது அப்படியே நடந்தது. அந்தப் பையனின் பெயர் நிகோலஸ் அனெல்கா. மொத்தம் 12 கிளப், 7 நாடு என்று ஓடிக்கொண்டே இருந்தார். 'எங்கேயும் நிலைச்சு நிக்காதவன்' என்ற முத்திரை கடைசிவரை அவரை விடவில்லை. அந்த முத்திரை நியாயமானதுதானா? அவருடைய கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடலாம்.

5 லட்சம் போட்டு 2 கோடி எடுத்த கதை!

கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு மார்டினிக். அங்கிருந்து பிரான்ஸுக்கு வந்த குடும்பத்தில் 1979-ல் பிறந்தவர் அனெல்கா. வளர்ந்தது பாரிஸை ஒட்டிய டிராப் என்ற புறநகரில். பிரான்ஸின் புகழ்பெற்ற கிளேர்ஃபோன்டேன் அகாடமியில் பயிற்சி. 16 வயதில் பி.எஸ்.ஜி அணிக்காக அறிமுகம்.

1997 தொடக்கத்தில் ஆர்சனல் மேனேஜர் ஆர்சென் வெங்கர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். கொடுத்த தொகை சுமார் 5 லட்சம் பவுண்ட். ஐரோப்பாவில் வீரர்களுக்கு ஊர் மாறும் சுதந்திரம் கொடுத்த போஸ்மன் தீர்ப்பு 1995 டிசம்பரில்தான் வந்திருந்தது. வளர்த்த பிள்ளையைக் கிட்டத்தட்ட சும்மாவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பிரான்ஸில் ஒரே புலம்பல்.

அடுத்த சீஸனிலேயே ஆர்சனல் பிரீமியர் லீக், எஃப்.ஏ கப் இரண்டையும் வென்றது. நியூகாசிலுக்கு எதிரான கப் ஃபைனலில் அனெல்கா ஒரு கோல். அதற்கடுத்த சீஸனில் லீக்கில் மட்டும் 17 கோல். இங்கிலாந்தின் சிறந்த இளம் வீரர் விருது. 1999 பிப்ரவரியில் வெம்ப்ளியில் இங்கிலாந்தை பிரான்ஸ் 2-0 என வீழ்த்தியபோது இரண்டு கோலும் அவருடையதுதான். அப்போது வயது 19!

அந்தக் கோடையில் 'போகணும்' என்றார். ஒப்பந்தத்தில் வருஷங்கள் பாக்கியிருந்தன. அவருடைய விவகாரங்களை அண்ணன்கள் இருவர் பார்த்துக்கொண்டார்கள். வாரக்கணக்கில் இழுபறி. சிரிக்காத முகம், பேட்டி கொடுக்காத சுபாவம் எல்லாம் சேர்ந்து, ஆங்கிலப் பத்திரிகைகள் 'மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்பவன்' என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயரையே ஒட்டிவிட்டன. கடைசியில் ரியல் மாட்ரிட் சுமார் 2.2 கோடி பவுண்ட் கொடுத்து வாங்கியது.

5 லட்சத்துக்கு வாங்கிய பையனை இரண்டரை வருஷத்தில் 40 மடங்குக்கு மேல் விற்றது ஆர்சனல். அந்தப் பணத்தில் இரண்டு வேலைகள் நடந்தன. லண்டன் கோல்னியில் கிளப்புக்கென்று புதிய பயிற்சி மையம் எழுந்தது. இன்னொரு பக்கம், யுவென்டஸில் சரியாக ஆட வாய்ப்பில்லாமல் தவித்த ஒரு பிரெஞ்சு வீரரை சுமார் 1.1 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். அவர் பெயர் தியரி ஆன்ரி. பின்னாளில் 228 கோல் அடித்து ஆர்சனல் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார்.

யோசித்துப் பாருங்கள்... 'பேராசைக்காரன்' என்று திட்டு வாங்கியவர் அனெல்கா. அவரை விற்ற பணத்தில் அடுத்த பல வருஷத்துக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்ட கிளப்புக்கு? 'புத்திசாலித்தனமான நிர்வாகம்' என்ற பாராட்டு!

ஓடியவரா, ஓட்டப்பட்டவரா?

மாட்ரிட் இனிக்கவில்லை. லீக்கில் 19 ஆட்டம், 2 கோல். 2000 மார்ச்சில் பயிற்சிக்கு வர மறுக்க, கிளப் 45 நாள் சஸ்பெண்ட் செய்தது. 20 வயசுப் பையன் செய்த தப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அடுத்து நடந்ததைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். திரும்பி வந்தவர், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்தார். பாரிஸில் நடந்த ஃபைனலில் வேலென்சியாவை 3-0 என வென்று மாட்ரிட் கோப்பையைத் தூக்கியபோது தொடக்க லெவனில் இருந்தார். அதே கோடையில் யூரோ 2000 வென்ற பிரான்ஸ் அணியிலும் இருந்தார்.

அதன்பிறகு பி.எஸ்.ஜி மறுபடியும் கூப்பிட்டது. சும்மா விட்டுக்கொடுத்த அதே பையனை இந்தமுறை சுமார் 2.2 கோடி பவுண்ட் கொடுத்து வாங்கினார்கள். கோச் லூயிஸ் ஃபெர்னாண்டஸோடு ஒத்துப்போகவில்லை. 2001 டிசம்பரில் லிவர்பூலுக்கு லோனில் போனார். அங்கே அவருக்குப் பிடித்துப்போனது, தங்கிவிடத் தயாராக இருந்தார். ஆனால், மேனேஜர் ஜெரார்ட் ஊலியே அவரை வைத்துக்கொள்ளாமல், செனகலின் எல் ஹாஜி டியூஃபை வாங்கினார்.

கவனிச்சீங்களா? இந்தமுறை அனெல்கா போகவில்லை. அவரை வேண்டாம் என்றார்கள். ஆனால், 'ஆறு வருஷத்தில் நாலு கிளப்' என்று எண்ணும்போது இதுவும் அவர் கணக்கிலேயே சேர்ந்துகொண்டது.

அடுத்து 1.3 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டி. இன்றைய பணக்கார சிட்டி இல்லை. அப்போதுதான் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறிவந்த, பணமுடை உள்ள சிட்டி. அங்கே இரண்டரை சீஸன் ஓரளவு நிம்மதியாக ஆடினார். 2005 ஜனவரியில் சிட்டிக்குப் பணம் தேவை, அவருக்குப் பெரிய மேடை தேவை. துருக்கியின் ஃபெனர்பாச்சேவுக்குப் போனார், லீக் சாம்பியன் ஆனார். 2006-ல் போல்டன், தன் வரலாற்றிலேயே அதிகத் தொகையாக 80 லட்சம் பவுண்ட் கொடுத்து வாங்கியது. ஒன்றரை வருஷம் கழித்து செல்சி 1.5 கோடி நீட்டியதும் கைமாற்றிவிட்டது. வாங்கிய விலையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. போல்டனை யாராவது 'விசுவாசம் கெட்ட கிளப்' என்றார்களா? இல்லையே!

நின்ற இடத்தில் மலர்ந்தவர்

செல்சியில் தொடக்கம் கசப்பு. 2008 மே மாதம் மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், பெனால்ட்டி ஷூட்அவுட். அனெல்காவின் ஷாட்டை மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் வான் டெர் சார் தடுக்க, கோப்பை போனது. வழக்கமான திரைக்கதைப்படி அவர் இங்கேதான் மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. அடுத்த சீஸனில் 19 கோல் அடித்து, ரொனால்டோவை ஒரு கோல் வித்தியாசத்தில் முந்தி, பிரீமியர் லீக்கின் கோல்டன் பூட் வாங்கினார். 2009-10-ல் செல்சி தன் வரலாற்றில் முதன்முறையாக லீக், எஃப்.ஏ கப் இரண்டையும் ஒரே சீஸனில் வென்றது.

ஏறக்குறைய நாலு வருஷம் ஒரே இடத்தில். அவர் வாழ்க்கையிலேயே நீண்ட தங்கல் அதுதான். மதித்து, நிலையாக வைத்துக்கொள்ளும் இடம் கிடைத்தால் இந்த மனுஷன் நிற்கக்கூடியவர்தான் என்பதற்கு அந்த நாலு வருஷமே சாட்சி. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்பும் கொஞ்சம் பொறுத்திருந்தால் இன்னும் உயரத்துக்குப் போயிருப்பார் என்பதற்கும் அதுவே சாட்சி.

அவர் பக்கத் தப்புகள்

அனெல்காவை அப்பாவியாக்குவது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. 2010 உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்காவில் மெக்ஸிகோவுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் கோச் ரேமோ டொமெனெக்கோடு டிரெஸ்ஸிங் ரூமில் மோதல். இரண்டு நாள் கழித்து 'லெகிப்' பத்திரிகை, அச்சில் ஏற்றமுடியாத ஒரு வசவை அவர் பேசியதாக முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டது. அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதைக் கண்டித்து மறுநாள் மொத்த டீமும் பயிற்சியைப் புறக்கணிக்க, பிரான்ஸே தலைகுனிந்தது. பிரெஞ்சு ஃபெடரேஷன் அவருக்கு 18 ஆட்டங்கள் தடை விதித்தது. பத்து வருஷம் கழித்து வந்த ஆவணப்படத்தில், அச்சான வார்த்தைகள் அவர் பேசியவை அல்ல என்று டொமெனெக்கே ஒப்புக்கொண்டார். அதற்குள் அந்த முதல் பக்கம் உலகம் முழுக்கச் சுற்றி முடித்திருந்தது.

2013 டிசம்பரில் நடந்ததற்கு இப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. ஷாங்காய், யுவென்டஸ் எல்லாம் சுற்றிவிட்டு வெஸ்ட் பிரோமுக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, கோல் அடித்ததும் 'கெனெல்' என்ற கை சைகையைக் காட்டினார். அது யூத வெறுப்போடு தொடர்புள்ள சைகை. 'நகைச்சுவைக் கலைஞரான நண்பருக்கு ஆதரவாகச் செய்தேன்' என்றார். விசாரணைக் குழு, அவர் யூத வெறுப்பாளர் என்று சொல்லவில்லை. ஆனால், சைகை அத்தகையதுதான் என்று முடிவு செய்து, 5 ஆட்டங்கள் தடையும் 80,000 பவுண்ட் அபராதமும் விதித்தது. சரியான தண்டனைதான். வெஸ்ட் பிரோம் கதையும் அதோடு முடிந்தது.

2014-ல் ஐ.எஸ்.எல் முதல் சீஸனுக்காக மும்பை சிட்டிக்கு வந்தார். இங்கிலாந்தில் வாங்கிய தடை இங்கேயும் துரத்த, முதல் சில ஆட்டங்களில் இறங்க முடியவில்லை. அதே டீமில் ஆர்சனல் காலத்து சகா ஃபிரெட்ரிக் லூங்பெர்க்கும் இருந்தார். லண்டனில் ஒரே அணியில் ஆடிய இரண்டு பேர், பல ஆண்டுகள் கழித்து மும்பையில் ஒரே ஜெர்சியில்! அடுத்த சீஸனில் அனெல்காவே ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் இருந்தார். அத்தோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

விசுவாசம் ஒருவழிப் பாதையா?

இப்போ கூட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அவருக்காகக் கிளப்புகள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்ட தொகை மொத்தம் 8 கோடி பவுண்டைத் தாண்டும். அந்தக் காலத்தில் அது மலைக்கவைக்கும் பணம். அவர் ஒவ்வொரு முறை பெட்டியைத் தூக்கியபோதும் ஏதோ ஒரு கிளப்பின் கல்லா நிறைந்தது. அவரைச் சந்தையில் ஏற்றியதும் இறக்கியதும் பெரும்பாலும் அந்தக் கிளப்புகள்தான். ஆனால், 'வியாபாரி' என்ற பட்டம் அவருக்கு மட்டும்!

இது பழங்கதை இல்லை. 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னொரு பிரெஞ்சு வீரரான லசானா டியாராவின் வழக்கில் முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. 2014-ல் ரஷ்யாவின் லோகோமோடிவ் கிளப்போடு தகராறாகி அவரது ஒப்பந்தம் முறிந்தது. நஷ்டஈடாக அவர் 1 கோடி யூரோவுக்கு மேல் கட்ட வேண்டும் என்றார்கள். அவரைச் சேர்த்துக்கொள்ளும் புது கிளப்பும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு என்பது ஃபிஃபா விதி. அந்தப் பயத்தில் அவரை எடுக்க நினைத்த பெல்ஜிய கிளப் பின்வாங்கியது. அந்த விதிகளில் சில ஐரோப்பியச் சட்டத்துக்கே எதிரானவை என்றது நீதிமன்றம். அதன்பின் ஃபிஃபா விதிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. கால்பந்து வீரரும் ஒரு தொழிலாளிதான், வேலை மாறும் உரிமை அவருக்கும் உண்டு என்பதுதான் இதன் சாரம்.

அதுக்காக, ஐசக் மாதிரி பயிற்சிக்கு வராமல் அடம்பிடிப்பது சரின்னு ஆகிடுமா? ஆகாது. ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்துக்கு மரியாதை உண்டு. டிக்கெட் வாங்கி, ஜெர்சி வாங்கி, மழையில் நின்று கத்திய ரசிகரின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால், சுமார் 6 கோடி பவுண்டுக்கு வாங்கிய ஐசக்கை இரண்டு மடங்குக்கு விற்ற நியூகாசிலுக்கும் அந்தக் கோபத்தில் ஒரு பங்கு போக வேண்டும், இல்லையா?

ஃபார்ம் போனால் ஒரு வீரரை விற்றுவிடும் உரிமையை கிளப் ஒருநாளும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆபீஸிலும் அதேதானே... ஆளைக் குறைத்தால் 'நிர்வாக முடிவு', நாம் பேப்பர் போட்டால் 'நன்றி இல்லாதவன்'. ஸ்ட்ரைக்கரின் கால்கள் ஓடுவது 15, 16 வருஷம்தான். அதற்குள் அவர் தன் கணக்கைப் பார்த்துக்கொள்வதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

அனெல்கா பற்றி ஒரு காட்சியைச் சொல்லி முடிக்கலாம். மூன்று வருஷத்துக்கு மேல் பிரான்ஸ் அணியோடு ஒட்டாமல் இருந்தவர், 2005 நவம்பரில் மறுபடி அந்த நீல ஜெர்சியைப் போட்டார். கோஸ்டா ரிகாவுக்கு எதிரான நட்பு ஆட்டம். கோலும் அடித்தார். ஆட்டம் நடந்த இடம், மார்டினிக். அப்பாவும் அம்மாவும் பிழைப்புக்காகக் கிளம்பி வந்த அதே தீவு.

இடம் மாறிப் பிழைப்பது அந்தக் குடும்பத்துக்குப் புதுசு இல்லை. பிள்ளை செய்தபோது மட்டும்தான் அதற்கு 'துரோகம்' என்று பெயர் வைத்தார்கள்!