எது ஒரிஜினல்?

பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் எல்லாரும் 'ஒரிஜினல் பார்ட்ஸ்' என்று உயிரை விடுவார்கள். சரி, நிசான் ஆஸ்டின் ஏ50 கிடைத்தால் அதில் எது ஒரிஜினல்?

1952 டிசம்பரில் நிசானும் இங்கிலாந்தின் ஆஸ்டினும் ஒப்பந்தம் போட்டன. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி ஏ40, அப்புறம் ஏ50. கூடவே ஒவ்வொரு பாகமாக ஜப்பானிலேயே செய்யப் பழகினார்கள். ராயல்டி கொடுத்து அவர்கள் வாங்கியது காரை அல்ல, தொழிலை. (பி.காம் புத்தி வேறெங்கே போகும்!) ஏ50-யின் 1489 சிசி எஞ்சின், நம்ம அம்பாசிடரில் ஓடிய அதே பிஎம்சி குடும்பம். அதன் ஸ்ட்ரோக்கை 89 மி.மீ.யிலிருந்து 59 ஆகக் குறைத்து 988 சிசி ஆக்கினார்கள். 1957-இல் வந்த டட்சன் 210-க்குள் இருந்தது அதுதான். மறுவருஷமே ஆஸ்திரேலியாவின் மோபில்கேஸ் டிரையலில் தன் பிரிவில் ஜெயித்தது அந்த வண்டி.

அப்படியிருக்க, நிசான் வார்த்த பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து 'அசல்' வரவழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆஸ்டின் பாகம் தேடினால் கிடைக்கும். ஜப்பான்காரன் கற்றுக்கொண்டு செய்தது போனால் போனதுதான். பிரேக் ஹோஸ், ரப்பர், ஒயரிங் எல்லாம் புதுசே போடுங்கள், உயிர் முக்கியம். மற்றதை ரிப்பேர் பண்ணப் பாருங்கள். முடியவே இல்லையென்றால் பழசைத் துடைத்து, சீட்டு எழுதிக் கட்டி, டிக்கியிலேயே வையுங்கள். அடுத்து வாங்குகிறவர் கேட்பார்.