ஆவணப்படத்துக்கு ஒரு காட்சி

"படம் போட்டாச்சா?"

"இல்ல, நியூஸ்தான் ஓடுது."

டிக்கெட் கிழிப்பவருக்கும் தாமதமாக வந்தவருக்கும் இடையே நடக்கும் இந்த உரையாடலைக் கேட்காமல் எங்கள் ஊர்த் திரையரங்கில் நுழைந்தவர்கள் குறைவு. நியூஸ்தான் ஓடுகிறது என்று தெரிந்ததும் வந்தவர் பதற்றம் தணிந்து வாசலிலேயே நின்று ஒரு பீடியைப் பற்றவைப்பார். உள்ளே ஒரு கனத்த குரல் ஏதோ ஓர் அணைக்கட்டின் கொள்ளளவைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆவணப்படம் என்ற கலைவடிவத்தோடு நம்மில் பலருக்கு ஏற்பட்ட முதல் உறவு அதுதான். பெரும்பாலோருக்குக் கடைசி உறவும் அதுவே.

அண்மையில் நண்பர் ஒருவர் வந்திருந்தார். மூன்று ஆண்டுகள் அலைந்து, கையிருப்பையும் நண்பர்களின் பொறுமையையும் கரைத்து, ஒன்றரை மணி நேர ஆவணப்படம் ஒன்றை முடித்திருக்கிறார். இதுவரை ஒரு கல்லூரி அரங்கிலும் ஒரு மொட்டை மாடியிலும் திரையிடப்பட்டிருக்கிறது. "அரசு ஆவணப்படங்களுக்குப் பணம் தந்ததே இல்லை, அதுதான் நம் சாபம்" என்றார். எனக்கு அந்த நியூஸ் ரீல்தான் நினைவுக்கு வந்தது. அரசு பணம் தந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தந்தது. எதற்குத் தந்தது, அந்தப் பணம் எந்த வழியாகப் போனது என்பதில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948இல் தொடங்கப்பட்டது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம், செய்திப் படங்களையும் ஆவணப்படங்களையும் காட்டியாக வேண்டும் என்று திரையரங்குகளுக்கு ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. காட்டுவதோடு முடியவில்லை, வசூலில் நூற்றுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் வாடகையையும் அரங்கு உரிமையாளர்கள் கட்டவேண்டியிருந்தது. அதாவது 'பாசமலர்' பார்க்கச் சென்று அழுதவர்களும் அறியாமலேயே ஆவணப்படத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உலகில் வேறெந்த ஜனநாயக நாட்டிலும் ஆவணப்படத்துக்கு இத்தனை பெரிய விநியோக வலை வாய்த்திருக்குமா என்பது ஐயமே. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அந்நிறுவனத்தின் கிடங்கில் சேர்ந்தன.

அவை எல்லாமே பதர் என்று சொல்லிவிடுவது எளிது, உண்மையல்ல. சுதந்திரம் பிறந்த நாளில் பிறந்தவர்களை இருபது வயதில் பேசவைத்த எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் ட்வென்ட்டி' 1967இல் இதே கூரையின் கீழ்தான் எடுக்கப்பட்டது. அதில் நம்பிக்கையும் இருக்கிறது, அரசை நம்பாத குரலும் இருக்கிறது. சுக்தேவின் 'இந்தியா 67', பிரமோத் பதியின் 'எக்ஸ்ப்ளோரர்' ஆகியவற்றை இன்று பார்க்கும்போதும் இவையா நியூஸ் ரீல் நிறுவனத்தின் படங்கள் என்று வியப்பே வருகிறது. ஆனால் அதே சுக்தேவ் 1976இல் நெருக்கடிநிலையை ஆதரித்து 'தண்டர் ஆஃப் ஃப்ரீடம்' எடுத்தார். காசோலையில் கையெழுத்திடும் கை எது என்பதைப் பொறுத்துப் பெரிய கலைஞனின் குரலும் மாறக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அந்த ஏற்பாட்டில் அரசியலைவிட அதிகம் கவனிக்கப்படாத ஒரு கேடு உண்டு. அது நீளம். பெரிய படத்துக்கு முன்னால் கிடைத்த இடைவெளி பத்து நிமிடம், மிஞ்சினால் இருபது. படத்தின் அளவு அந்த இடைவெளிக்கு ஏற்ப வெட்டித் தைக்கப்பட்டது. மறுபுறம், 1960இல் தொடங்கப்பட்ட ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் 'புவன் ஷோம்' போன்ற கதைப்படங்களுக்குக் கடன் தந்தது. கதை என்றால் இரண்டு மணி நேரம், உண்மை என்றால் பத்து நிமிடம் என்று அரசே ஒரு பாகப்பிரிவினை செய்து வைத்தது போலாயிற்று. முழுநீள ஆவணப்படம் இந்த இரண்டு வீட்டிலும் சேராத பிள்ளை.

இத்தனைக்கும் நம்மிடம் முன்னோடி இருந்தது. ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய முழுநீளப் படத்தைத் தமிழில் 1940இல் திரையரங்குகளில் வெளியிட்டார். லட்சம் மைல் பயணம், பல நாடுகளில் தேடிச் சேகரித்த ஐம்பதாயிரம் அடி படச்சுருள், அதிலிருந்து தேர்ந்து தொகுத்த பன்னிரண்டாயிரம் அடி. அன்று ஆண்டுகொண்டிருந்த அரசு இதற்கு ஒரு தம்படி தந்திருக்காது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தனியார் பணத்தில்தான் எல்லாம் நடந்தது. 'அண்ணல் அடிச்சுவட்டில்' நூலைப் படித்தவர்களுக்கு அந்த அலைச்சல் தெரியும். அந்தத் தமிழ்ப்படம் இன்று நம் கையில் இல்லை. பின்னாளில் அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவமே, ஆ.இரா. வேங்கடாசலபதி போன்றோரின் விடாத தேடலுக்குப் பின், பல்கலைக்கழகமொன்றிலிருந்து கிடைத்தது. ஒரு மனிதனின் வைராக்கியம் ஒரு படத்தை எடுத்துவிடும். அதைக் காப்பாற்ற வைராக்கியம் போதாது.

இன்றைய நிலைக்கு வருவோம். ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதே காலகட்டத்தில்தான் இந்திய ஆவணப்படங்கள் உலக மேடைகளில் வரிசையாக ஏறின. பாயல் கபாடியாவின் 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்' 2021இலும், ஷௌனக் சென்னின் 'ஆல் தட் ப்ரீத்ஸ்' 2022இலும் கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான பரிசைப் பெற்றன. முன்னது பிரான்ஸுடனும் பின்னது பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றுடனும் கூட்டுத் தயாரிப்புகள். பரிசு வந்த நாளில் நாம் கைதட்டினோம். கைதட்டலில் குறை வைக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். முதுமலையில் எடுக்கப்பட்ட 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கர் பெற்றதும் மாநில அரசு அதன் இயக்குநருக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அது நாற்பது நிமிடப் படம், நெட்ஃபிளிக்ஸின் படம். வெற்றிபெற்ற பிறகு தரப்படும் பணத்துக்கு வெகுமதி என்று பெயர். வெற்றி தோல்வி தெரியாத நிலையில், இருட்டில் நிற்பவனுக்குத் தரப்படுவதுதான் நிதி. 1976இல் சத்யஜித் ராய் பாலசரஸ்வதியைப் பற்றி 'பாலா' எடுத்தபோது தமிழ்நாடு அரசு தயாரிப்பில் பங்கேற்றது. அந்தத் துணிவு தொடர்ந்திருக்கலாம்.

'சினிமாவுக்கெல்லாம் மக்கள் பணமா?' என்று கேட்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து முழு விலக்கு என்று 2006இல் அறிவிக்கப்பட்டது. அரசுக்கு வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுப்பதும் மக்கள் பணத்தைக் கொடுப்பதுதான். தலைப்பு தமிழில் இருந்தால் போதும் என்று இருந்த அந்த ஆண்டுகளில் அதை யாரும் மானியம் என்று அழைக்கவில்லை.

பிரான்ஸில் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். அங்கே ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, திரைப்படங்களுக்கான தேசிய மையத்துக்குப் போகிறது. ஹாலிவுட் படத்துக்கு விற்ற டிக்கெட்டும் இதில் அடங்கும். அந்தப் பணம் மறுபடி திரைப்படங்களுக்கே வருகிறது. வசூலிலிருந்து திருப்பித்தரும் முன்பணத் திட்டம் 1959 முதல் நடக்கிறது. எதற்குத் தருவது என்பதைத் திரைத்துறையினர் அடங்கிய குழு பரிசீலிக்கிறது. பொதுநிதியின் துணையோடு நிக்கோலா ஃபிலிபேர் எடுத்த 'எத்ர் எ அவுவார்' 2002இல் வெளிவந்தது. மலைப்பாங்கான ஒரு சிற்றூரில் ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், ஒரு பள்ளியாண்டு, அவ்வளவுதான் படம். பதினெட்டு லட்சம் பேர் அளவில் திரையரங்குக்குச் சென்று பார்த்தார்கள். (வசூலைக் கண்ட ஆசிரியர் தனக்கும் பங்கு வேண்டும் என்று நீதிமன்றம் போய்த் தோற்றார். ஆவணப்படத்தில் தோன்றுபவருக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது.) எல்லா ஆவணப்படத்துக்கும் இப்படிக் கூட்டம் வராது. பலவற்றுக்குச் சில ஆயிரம் பேர்தான் வருகிறார்கள். ஆனால் வருவதற்கு ஒரு நாளும் ஓர் அரங்கும் இருக்கின்றன.

அரசுப் பணம் வாங்கினால் அரசின் குரலில்தானே பேசவேண்டும் என்ற ஐயம் நியாயமானது. இதற்கு நமக்குப் பழகிய ஓர் உவமை இருக்கிறது: நூலக ஆணை. நூலக ஆணை இல்லாவிட்டால் தமிழில் கவிதைத் தொகுப்புகளில் பாதி அச்சேறியிருக்காது. அதன் சீர்கேடுகளும் நமக்குத் தெரியும். தாமதம், சிபாரிசு, யாருடைய ஆட்சியில் எந்தப் பதிப்பகம் என்ற கணக்கு, எல்லாமே. ஆனாலும் அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. நூல் எழுதி அச்சான பிறகே அரசு வாங்குகிறது. கைப்பிரதியைத் திருத்த அது வருவதில்லை.

ஆவணப்படத்துக்கும் நான் வேண்டுவது இதைத்தான். தயாரிப்பு நிதி முதலில் வேண்டும் என்றே நண்பர் வாதிடுகிறார். எனக்கு அதில் தயக்கம். தயாரிப்புக்குப் பணம் என்றால் விண்ணப்பம், சுருக்கம், அதிகாரியின் புருவம், பிறகு நாமே நம் படத்தில் போட்டுக்கொள்ளும் கத்தரி. அதைவிட, முடிந்த படத்துக்கு அரங்கை வாங்கிக்கொடுங்கள். மாவட்டத்துக்கு ஓர் அரங்கு, வாரத்துக்கு ஒரு மாலைக் காட்சி, நான்கு வாரம். அரங்கின் இழப்பை டிக்கெட் வரியின் ஒரு சிறு பங்கிலிருந்து ஈடுகட்டலாம். படத்தைத் தேர்வது அமைச்சரகம் அல்ல, ஆண்டுதோறும் மாறும் ஒரு குழு. நான்கு வாரம் ஓடும் என்ற உறுதி இருந்தால் முதலீடு செய்ய ஆள் கிடைப்பார்கள். கட்டாயத் திரையிடலை எதிர்த்து அரங்கு உரிமையாளர்கள் போன வழக்கில், மக்கள் விவரமறிந்து முடிவெடுக்க உதவும் படங்களைக் காட்டச் சொல்வது கருத்துரிமைக்கு எதிரானதல்ல என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அதிகாரத்தை அணைக்கட்டின் கொள்ளளவுக்கு மட்டுமா பயன்படுத்த வேண்டும்?

ஆனால் இதற்கும் முன்னால் ஒரு வாசல் இருக்கிறது: தணிக்கை. சான்றிதழ் இல்லாமல் திரையரங்கில் எதையும் காட்ட முடியாது. ஆனந்த் பட்வர்தன் 'வார் அண்ட் பீஸ்' படத்துக்காக நீதிமன்றம் போய் 2003இல் வெட்டின்றி அனுமதி பெற்றார். மும்பை விழாவில் இந்திய ஆவணப்படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கேட்டதை எதிர்த்து இயக்குநர்கள் 2004இல் 'விகல்ப்' என்ற மாற்று விழாவையே நடத்தினார்கள். மக்களிடம் பணம் திரட்டி எடுத்த 'ஆன் இன்சிக்னிஃபிகன்ட் மேன்' 2017இல் அரங்குகளுக்கு வந்ததென்றால், தணிக்கை வாரியத்துக்கு மேல் ஒரு தீர்ப்பாயம் இருந்ததால்தான். அந்தத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. இனி உயர் நீதிமன்றம்தான். ஒரு வழக்கறிஞரின் கட்டணத்தில் இன்னொரு ஆவணப்படமே எடுத்துவிடலாம். தமிழில் கையால் மலமள்ளும் கொடுமையைப் பதிவுசெய்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் திரையிட இடம் மறுக்கப்பட்டுக் கடைசியில் யூடியூபுக்குப் போனது. அரங்குக்குப் பணம் கொடுத்துவிட்டு வாசலில் காவலரை நிறுத்துவதானால் இந்தத் திட்டம் எதற்கும் உதவாது.

யூடியூபிலேயே பார்த்துக்கொண்டால் என்ன என்று நண்பரிடம் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மொட்டை மாடித் திரையிடலைப் பற்றிச் சொன்னார். படம் பாதி ஓடும்போது மழை தூறியதாம். நாற்பது பேர் இருந்திருக்கிறார்கள். யாரும் எழுந்து போகவில்லை. நாற்காலிகளைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்களாம்.