விரைவும் உண்மையும்

உடலைக் கீறாது உள்ளுறுப்புக்களைக் காட்டும் காந்தப் பரிவுப் படத்தை, எம்.ஆர்.ஐ. என்னும் பெயரால், இன்று அறியாதார் இலர். அப்படத்திற்கு முன்னோடியாய் நின்றது ஓர் எண் என்பதை அறிந்தோர் சிலரே. 1971ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் இரேமண்டு தமாதியன், காந்தப்புலத்திற் கிளர்ச்சியுற்ற ஐதரசன் கருக்கள் தம் பழைய நிலைக்கு மீளும் 'தளர்வு நேரம்' எலியின் புற்றுக்கட்டியில் நல்ல இழையத்தினும் நீண்டிருத்தலைக் கண்டார். 1973இல் போல் லோட்டர்பர் படமாக்கும் வழியைக் காட்டினார். படம் வந்தபின் எண் பின்னின்றது.

மருந்துகளை மனிதருக்கு வழங்குமுன் விலங்குகளிற் சோதிக்கும் ஆய்வுகளிலாவது அவ்வெண் மீண்டும் முதலிடம் பெறல் வேண்டும். படத்தின் கருமை வெண்மை கருவிக்குக் கருவி வேறுபடும். ஒரே வலிமையுள்ள காந்தத்தில், மில்லிசெக்கன் கணக்கில் அளந்த தளர்வு நேரத்தையோ, அடுத்த திங்களில் அளந்ததோடு ஒப்பிட்டு மருந்தின் பயனைத் துணியலாம்.

இதற்குக் காலமே தடை. மனிதனில் ஒரு மில்லிமீற்றர் பக்கமுள்ள கூறு போதுமாயின், சுண்டெலியில் அதன் பத்திலொரு பங்கு பக்கமுள்ள கூறு வேண்டும். அதன் கனவளவும், அது தரும் சைகையும் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். வலிய காந்தங்கள் அக்குறையை ஓரளவு தீர்க்கும்; ஆயின் அவற்றில் கருக்கள் மீளும் நேரம் நீளுதலின் காத்திருப்பும் நீளும். அந்நேரமெல்லாம் விலங்கு மயக்கமருந்தின் வசப்பட்டுக் கிடக்கின்றது. அதன் உடல்வெப்பமும் சுவாசமும் மாற, நாம் அளக்கும் எண்ணும் மாறக்கூடும்.

சில தரவுகளை மட்டும் எடுத்து எஞ்சியதைக் கணிதத்தால் மீட்கும் முறை 2007இலும், பல இயல்புகளை ஒருங்கே அளக்கும் 'கைரேகை' முறை 2013இலும் இத்துறையில் வெளியாயின. இத்தகைய முறைகளாற் சோதனை நேரம் சுருங்கும். ஒரே விலங்கைப் பன்முறை அளத்தல் எளிதாதலின், கொல்லப்படும் விலங்குகளின் தொகையும் குறையும். 1959இல் இரசலும் பேர்ச்சும் வகுத்த மாற்றல், குறைத்தல், செம்மைப்படுத்தல் என்னும் மூன்று நெறிகளுள் பின்னிரண்டுக்கும் இஃது இசைந்ததே.

எனினும் விரைவு ஒன்றே மேன்மையாகாது. கணிதம் மீட்டுத் தந்த எண் மெய்யானதா என்பதை, இயல்பறிந்த கரைசல்களை அளந்தும், ஒரே விலங்கை மீட்டும் மீட்டும் அளந்தும் உறுதிசெய்தல் வேண்டும். பிழைபட்ட எண்ணைத் தந்த ஆய்வில் மாண்ட உயிர் வீணே மாண்டதாகும்.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்காள்! கணிதமும் பௌதிகமும் பரீட்சைக்கு மட்டும் உரியன என்று எண்ணற்க. ஒரு சமன்பாட்டைச் செவ்வனே தீர்ப்பவன், வாய்பேசா உயிரொன்றின் துன்பத்தையும் குறைத்தவனாகலாம்.